வெல்வெட்டின் மேல் ஒரு கை

சூரியனைக் கைகட்டி நிற்கவைத்து வேலை வாங்கத் தெரிந்த மனிதர் யுகத்துக்கு ஒருவர்தான் பிறப்பார். இந்த யுகத்துக்கு உரியவர் புதுக்கோட்டையில் பிறந்து, அங்கேயே போட்டோ ஸ்டூடியோவும் வைத்திருந்தார். இந்தத் தகவலை ஊருக்குத் தந்தவர் அவரே. "வெளக்குப் போட்டு எடுக்குறது சமையல் மாதிரிங்க. எவனும் செய்வான். கொழந்தைய வெட்டவெளியில ஒக்காத்தி, வெயிலைத் தொட்டுத் தொட்டு எடுக்கணும். அதுக்கு ஆத்மநாதன்தான் வரணும்" என்று அவர் சொல்லும்போது கேட்பவர்களுக்கே சூரியன் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டாகும்.

ஸ்டூடியோவின் கூரையில் வடக்குப் பார்த்துக் கண்ணாடி போட்டிருந்த காலத்தில் அவர் வெட்டவெளியைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. அந்தக் கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சத்தில் வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து எல்லாரையும் போலத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து எண்ணெய்க் கடை அழகுமலை மாடி எழுப்பிய பிறகு கண்ணாடியில் நிழல் விழுந்தது. நடுப்பகலில்கூட வந்தவர் ஆணா பெண்ணா என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சண்டைக்குப் போனார். "ஒங்க கூரைக்கு நெழல் குடுத்திருக்கேன், அதுக்குக் காசா கேட்டேன்?" என்றார் அழகுமலை. அதற்கு அடுத்த வாரம்தான் ஆத்மநாதன் இயற்கை ஒளியின் மகிமையைக் கண்டுபிடித்தார்.

வாசல் பலகையில் 'சமஸ்தான போட்டோ ஸ்டூடியோ' என்று எழுதியிருந்தது. நாற்பத்தெட்டில் சமஸ்தானமே இந்தியாவில் கரைந்துபோன பிறகும் பலகை கரையவில்லை. சமஸ்தானத்துக்காக அவர் எடுத்தது ஒரு படம். அரண்மனை லாயத்துக் குதிரை. கேமராவின் மூடியைக் கழற்றிய நேரம் பார்த்து அது திரும்பிவிட்டதால் படத்தில் அதற்கு இரண்டு தலைகள். கேட்டால், "அரமனை வேலையின்னா சும்மாவா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வீடும் ஸ்டூடியோவுக்குப் பின்னாலேயே இருந்தது. அதில் அவர் மட்டும் இருந்தார். மனைவி செங்கமலம் குளத்தூரில் அண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம் இருந்துவிட்டு வரப் போயிருந்தாள். போய் வருஷங்கள் ஆகிவிட்டன. யார் கேட்டாலும், நேற்றுத்தான் பஸ் ஏற்றிவிட்டதைப்போல, "குளத்தூர் போயிருக்கா, நாளைக்கு வருவா" என்பார். கேட்கிறவர்களும் பதிலுக்காகக் கேட்பதில்லை. தன் கல்யாணப் போட்டோவை வேறு எவனும் தொடக்கூடாது என்று அவர் தாமே எடுத்திருந்தார். அதனால் அந்தப் படத்தில் மாலையோடு செங்கமலம் தனியாக நின்றாள். போகும்போது அதையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐம்பத்துநாலு தை மாதம் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஆள் வந்தது. ஹாஜா முகைதீன் என்ற பெரியவர் அழைத்திருந்தார். அவர் மகன் ஷேக் பரீதுக்குப் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை. பரீது கப்பலேறிய பிறகு பிறந்த பிள்ளைக்கு இப்போது நடை வந்துவிட்டது. தகப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. ஊரிலிருந்து முகம்மது சுல்தான் என்ற சொந்தக்காரன் நாகப்பட்டினத்தில் கப்பலேற இருந்தான். அவனிடம் பிள்ளையின் படத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

குழந்தைகளுக்கு ஏற்றது காலை ஏழு மணி வெயில் என்று ஆத்மநாதன் வந்த ஆளுக்கு அரை மணி நேரம் விளக்கினார். அது பாலாடை மாதிரி இருக்கும், தொட்டால் கையில் ஒட்டும் என்றார். பிறகு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறி, உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார். பழி பஸ்ஸின் மேல் போயிற்று.

வீட்டுக்குப் பக்கவாட்டில் மணல் முற்றமும் பெரிய பூவரச மரமும் இருந்தன. கடல் காற்று மரத்தை விட்டுவைக்கவில்லை. நிழல் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஹாஜா முகைதீன் சாய்வு நாற்காலியைப் போடச் சொல்லி, படம் எடுப்பதை மேற்பார்வை பார்க்க உட்கார்ந்தார். படம் எடுப்பது மார்க்கத்துக்கு ஆகுமா ஆகாதா என்று பள்ளிவாசலில் சிலர் முணுமுணுத்திருந்தார்கள். அதற்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. "மனுசன் வரைஞ்சாத்தான் தப்பு. இது சூரியன் போடுற நெழலு. நெழலுக்குக் கணக்கில்லை." சூரியனோடு நேரடிப் பழக்கம் உள்ள இன்னொருவரைச் சந்தித்தது ஆத்மநாதனுக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை.

பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பெயர் ஜமால். அரக்கு வெல்வெட்டில் முழங்கால் வரை கோட்டு, தலையில் சரிகைத் தொப்பி, கண் நிறைய மை. செதுக்கு வேலை செய்த பெரிய நாற்காலியில் ஒற்றையாக உட்காரவைத்தார்கள். "எங்க வம்சத்துப் புள்ளை. அசையாது. நீங்க எடுங்க" என்றார் ஹாஜா முகைதீன். ஆத்மநாதனின் பழைய கேமராவுக்கு, மூடியைத் திறந்து ஒன்று இரண்டு எண்ணி மூடும்வரை எதிரே உள்ளது கல்லாகச் சமைந்திருக்க வேண்டும். முதல் கண்ணாடிப் பிளேட்டை மாட்டித் திறந்தார். அவர் ஒன்று சொல்வதற்குள் வம்சம் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்துவிட்டு ஒரு காக்காயையும் பார்த்தது. இரண்டாவது பிளேட்டில் நாற்காலி மட்டும் வெகு தெளிவாக விழுந்தது. பிள்ளை அதற்குள் வழுக்கி இறங்கியிருந்தான். மூன்றாவதில் அழுகை. "அசையாதேன்னு சொல்றேன்ல" என்று பாட்டனார் பேரனை அதட்ட, அழுகை ஊருக்கே கேட்டது.

உள்ளேயிருந்து அவர் மனைவி சாரா உம்மாள் வந்தாள். "உம்மா மடியில இருக்குற புள்ளைய உசரத்துல கொண்டு வச்சா அலறாம என்ன செய்யும்? அவன் உம்மா நூர்நிஷாவ ஒக்கார வச்சு, சமுக்காளத்தப் போட்டு மூடி, அது மேல வைங்க. தன்னால இருக்கும்."

"பொம்பளை படத்துல தெரியக் கூடாது." ஹாஜா முகைதீன் நிமிர்ந்தார். "பினாங்குல கல்லாவுக்கு மேல மாட்டுவாங்க. நாலு சாதிசனம் வந்து போற எடம்."

"அதுக்குத்தான சமுக்காளங்குறேன்."

ஆத்மநாதனைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். அவர் கடலின் பக்கம் திரும்பி, தொலைநோக்கு உள்ளவரைப்போல நின்றார். அந்தப் பக்கம் ஓர் ஆடு அவருடைய தோல் பையின் வாரைத் தின்றுகொண்டிருந்தது. அதட்டினால் கௌரவம் போய்விடும் என்று விட்டுவிட்டார். மறுபடி திரும்பியபோது நாற்காலி இருந்த இடத்தில், சிவப்பும் கறுப்பும் கோடு போட்ட சமுக்காளம் ஓர் ஆள் உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. அதன் மடியில் ஜமால், அழுத கண்ணோடு, ஆனால் சமாதானமாக.

அவர் கேமராவுக்குப் பின்னால் போய்க் கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டார். இங்கே ஒரு துணிக்குள் அவர். எதிரே ஒரு துணிக்குள் அவள். கேமராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் பிள்ளை தலைகீழாகத் தொங்கினான். இருவருக்கும் நடுவே காற்று மட்டும் சத்தம் போட்டது. அப்போது சமுக்காளம் பேசியது.

"அண்ணே, படத்துல நான் தெரிவனா?"

"ஒரு நூல்கூடத் தெரிய மாட்டீங்கம்மா. எது தெரியணுமோ அதுதான் நம்ம படத்துல தெரியும்."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

அதற்குப் பிறகு வந்த மௌனத்தை நன்றி என்று அவர் எடுத்துக்கொண்டார். பிறகு அவள் பிள்ளையிடம் பேச ஆரம்பித்தாள். பெரியவருக்குக் கேட்காத குரல். "அந்தப் பொட்டியப் பாருங்க. உள்ள யாரு இருக்கா? அத்தா இருக்காக. ஜமாலு என்ன செய்றான்னு அத்தா பாத்துக்கிட்டிருக்காக." பிள்ளை கேமராவின் கண்ணையே பார்த்தான். அவ்வளவு நேரம் அவரை யாரும் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பெட்டிக்குப் பின்னால் இருந்தது தகப்பன் அல்ல, ஆத்மநாதன்தான் என்றாலும், கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்து முடித்த பின்னும் கொஞ்ச நேரம் அவர் துணியை எடுக்காமல் நின்றார்.

கடைசிப் பிளேட்டை மாட்டினார். பக்கவாட்டில் வந்து நின்று மூடியைக் கழற்றினார். ஒன்று என்று சொன்னபோது சமுக்காளத்தின் மடிப்பை விலக்கிக்கொண்டு ஒரு கை வெளியே வந்து, வெல்வெட் கோட்டின் மேல், பிள்ளையின் வயிற்றில் படிந்தது. இரண்டு என்று சொல்லி மூடும்வரை அசையவில்லை. மூடியதும் உள்ளே போய்விட்டது. பிள்ளை சரிந்திருப்பான், பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். ஹாஜா முகைதீன் அந்த நேரம் காக்காயை விரட்டிக்கொண்டிருந்தார்.

புதுக்கோட்டைக்கு வந்து பிளேட்டைக் கழுவிப் பார்த்தார். அவர் எடுத்த எந்தக் குழந்தையும் அப்படி விழுந்ததில்லை. கண், தொப்பியின் சரிகை, கன்னத்துத் திருஷ்டி மை எல்லாம் துல்லியம். கை அதைவிடத் துல்லியம். மருதாணி போட்ட விரல்கள். சுண்டுவிரல் மட்டும் எப்போதோ கதவில் நசுங்கி எலும்பு கூடியதுபோல வெளிப்பக்கம் கோணியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்னத் தாளில் புரூப் படம் போட்டுக்கொண்டார். பிறகு கையை அழிக்க உட்கார்ந்தார்.

டச்சிங் வேலையில் அவருக்கு நிகர் அவர்தான்; இந்த ஒரு பெருமையை மட்டும் ஊரில் யாரும் மறுத்ததில்லை. பிளேட்டின் பூச்சைச் சின்னக் கத்தியால் இழை இழையாகச் சுரண்டினார். மணிக்கட்டு போயிற்று. உள்ளங்கை வெல்வெட்டின் மடிப்பாயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாக நிழலில் இறங்கின. கோணல் சுண்டுவிரலைக் கடைசியாக எடுத்தார். பகலெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் குனிந்து, சாப்பாட்டை மறந்து, நாலைந்து நாள். முடித்தபோது, சமுக்காளம் போர்த்திய ஆசனத்தில் ஒரு பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் வீற்றிருந்தான்.

புரூப்பை அத்தோடு கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அது வெயிலில் காட்டினால் படம் ஏறும் தாள். ஹைப்போ என்ற மருந்தில் போட்டுக் கழுவினால்தான் நிற்கும், போடாவிட்டால் வெளிச்சம் படப்படக் கறுத்துக்கொண்டே போகும். அவர் கிழிக்கவில்லை. மேஜை டிராயருக்குள்ளிருந்து எடுத்து, படுக்கையறையில் தலைமாட்டுச் சுவரில் குண்டூசியால் குத்திவைத்தார். சந்தேகப்படுகிறவர்களுக்கு, முன்னே இப்படி இருந்ததை இப்படி ஆக்கினேன் என்று காட்ட வேண்டுமல்லவா. அந்த அறைக்குள் சந்தேகப்பட வருகிறவர் யாரும் இல்லை. ஹைப்போவில் போடவும் அவசரமில்லை. அழகுமலையின் மாடி விழுங்கிய வீட்டில் வெளிச்சத்துக்கு எங்கே போவது? விளக்கைச் சிறிதாக்கிக்கொண்டு படுத்தபடி பார்த்தார். குழந்தையின் வயிற்றில் அந்தக் கை இருந்தது. தூங்கிப்போனார்.

காலையில் எழுந்து, அட்டையில் ஒட்டிய படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, சுவரின் பக்கம்கூடத் திரும்பாமல் ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடினார். கண்டக்டர் ராமு, "என்னண்ணே, வீட்ல வந்துட்டாகளா?" என்றான். "நாளைக்கு வருவா" என்றார்.

ஹாஜா முகைதீன் படத்தைக் கை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். "நவாப்பு மாதிரியில்ல இருக்கான்" என்றார். "ஒத்தையில ஒக்காந்திருக்கான் பாத்தீங்களா. நாந்தான் சொன்னேன்ல, எங்க வம்சம் அசையாதுன்னு." ஆத்மநாதன் தலையை அடக்கத்தோடு சாய்த்தார், அந்த அடக்கத்தை அவர் பஸ்ஸிலேயே பழகியிருந்தார். சுல்தான் மறுநாள் ராத்திரி நாகப்பட்டினத்துக்குப் புறப்படுகிறான் என்றும், நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் பெரியவர் படத்தை உள்ளே பெண்களுக்கு அனுப்பினார். பாங்கு சொன்னதும் தொழுகைக்கு எழுந்து போனார்.

கதவில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கம் படம் இருந்தது. சாரா உம்மாள் இந்தப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே." திரைக்குப் பின்னாலிருந்து நூர்நிஷா. "இதுல ஒரு கை இருந்துச்சே."

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் வந்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருந்துச்சும்மா. எடுத்துட்டேன். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் இனி ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஏண்ணே எடுத்தீக?"

"கொறைதானம்மா அது. சுண்டுவெரல் வேற கோணலா…"

"அவுகளுக்குத் தெரியும்."

"எதும்மா?"

"அந்த வெரலு."

வெற்றிலை இடிக்கும் சத்தம் நின்றது. "ஏம்ப்பா" என்றாள் சாரா உம்மாள், "கையி என்னப்பா செஞ்சுச்சு ஒன்னைய? அதுல மூஞ்சியா இருக்கு, பேரா எழுதியிருக்கு? பெரியவரு பாத்திருந்தா ஒரு சத்தம் போட்டுட்டு அனுப்பியிருப்பாரு. நீ அவருக்கு மேல இருக்கியே."

திரை மெதுவாகச் சொன்னது: "பினாங்குலேருந்து காயிதம் வந்தா மாமா படிப்பாக. இங்கேருந்து போனா மாமா எழுதுவாக. நூர்நிஷா சொகம்னு கடைசி வரியில போட்டிருவாக. வேற ஒண்ணுமில்லண்ணே. படம் நல்லா இருக்கு."

கலையைப் பற்றி ஏதோ சொல்ல ஆத்மநாதன் வாயைத் திறந்தார். சுண்டுவிரலைச் சுரண்டியபோது கத்தி போன பாதை கண்ணுக்கு முன்னால் வந்தது. பிளேட்டில் அது இனி வராது. ஆனால் குண்டூசியில் ஒரு தாள் இருந்தது.

"ஒரு படம் இருக்கும்மா" என்றார். "கையோட. நாளைக்குக் கொண்டாந்து தாரேன்."

"நெசந்தானாண்ணே?"

"இருக்கும்மா. சின்னத் தாளுதான். ஆனா இருக்கு."

"எங்கையில குடு" என்றாள் சாரா உம்மாள். "சுல்தான் எங்கண்ணன் மவன்தான். காதும் காதும் வச்சாப்ல பெட்டியில வைக்கச் சொல்லிக்கிறேன். மறந்துறாத. ஒன்னைய நம்பலாமா? ஆளு சவடாலா இருக்கியே."

"நம்பலாம் ஆச்சி" என்றார். அதோடு வேறெதுவும் சேர்த்துக்கொள்ளத் தோன்றவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளை எதையோ கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள் என்று பட்டது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹைப்போவை எவ்வளவு கரைக்க வேண்டும், தாளை எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும், காய்ந்த பின் எந்த அட்டையில் வைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தார். அதே ராமு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, பொழுது போகாமல், "அப்ப நாளைக்கு வீட்ல வந்துருவாக" என்றான்.

"இல்லப்பா" என்றார் ஆத்மநாதன். "வர மாட்டா."

ராமு முன் படிக்கட்டுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தட்டில் ஹைப்போவைக் கரைத்தார். விளக்கை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். சுவரில் குண்டூசி இருந்தது, தாளும் இருந்தது. தாள் முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார். தொப்பி இருந்த இடம், முகம் இருந்த இடம், கை இருந்த இடம் எல்லாம் ஒரே நிறத்துக்குள் போயிருந்தன. குண்டூசியைப் பிடுங்கினார். அதன் தலை மறைத்திருந்த இடத்தில் மட்டும், ஒரு கடுகளவு வெள்ளையாக இருந்தது. என்ன நடந்ததென்று அவருக்குப் புரியவில்லை. அழகுமலையின் மாடியைக்கூடக் குற்றம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தாளை ஹைப்போவில் போட்டுக் கழுவிக் காயவைத்தார். கறுப்பு அப்படியே நிலைத்தது.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கென்று விடியுமுன்பே எழுந்து, தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோக ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பஸ் போகும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழக்குப் பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாக, பாலாடை மாதிரி ஒரு வெளிச்சம் உள்ளே நுழைந்து, அறையைக் கடந்து, தலைமாட்டுச் சுவரில் ஊசி குத்திய இடத்தில் போய் உட்கார்ந்தது. சுவரெல்லாம் மஞ்சளாயிற்று. கை நீட்டினார், வெயில் கையிலும் விழுந்தது.

அந்த அறைக்குத் தினமும் காலையில் வெயில் வரும். அன்றுவரை ஆத்மநாதன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததில்லை.